பந்தயத்திடல் வேடிக்கைகளைச் சுவை குன்றாமல் சொல்வது எப்படி?

குதிரைப் பந்தயத்திலும் நாய்ப் பந்தயத்திலும் நேர்ந்த வேடிக்கையான தடுமாற்றங்களைக் கேட்க எல்லோருக்கும் பிடிக்கும். ஆயினும் அவற்றைச் சொல்லும்போது கேட்பவர் முகத்தில் சிரிப்பு வராமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குறை பெரும்பாலும் கதையில் இருப்பதில்லை, சொல்லும் முறையில்தான் இருக்கிறது. கபடியில் பாடிச் செல்பவர் மூச்சை விடக் கூடாது என்பதை அறியாத ஒருவரிடம், எதிரணியின் களத்தில் நின்றுகொண்டு ஒருவர் தும்மிவிட்டார் என்று சொன்னால் அவர் ஏன் சிரிக்கப் போகிறார்? பந்தயத்திடல் கதைகளும் அப்படிப்பட்டவையே. எந்த ஒழுங்கு குலைந்தது என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான், அது குலையும் நொடியில் சிரிப்பு வரும். உறவினர் கூடும் வீட்டிலோ கல்லூரி மேடையிலோ பத்திரிகைப் பத்தியிலோ இத்தகைய கதைகளைச் சொல்ல விரும்புவோருக்காக, நான் நன்கறிந்த சில நிகழ்ச்சிகளை வைத்தே அந்த முறையை விளக்குகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, கேட்பவர் மனத்தில் பந்தயத்திடலை வரைந்து காட்டுவது. தமிழ்நாட்டில் ரேஸ் என்றவுடன் கிண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே குதிரைகள் ஓடியது சமதளப் புல்தரையில். தாண்டுவதற்கு வேலியோ பள்ளமோ கிடையாது. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகிலுள்ள எய்ன்ட்ரீ திடலில் நடக்கும் கிராண்ட் நேஷனல் அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவை இரண்டு சுற்றுகளாக ஓடி, ஆள் மார்பளவு உயர்ந்த செடிவேலித் தடைகளை முப்பது முறை தாண்ட வேண்டும். தாண்டும்போது ஜாக்கி கீழே விழுந்தாலும் குதிரை நிற்பதில்லை; முதுகில் ஆளில்லாமல் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இத்திடலின் புகழ்பெற்ற வேடிக்கை முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

பந்தய விலையையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். ஒன்றுக்கு நூறு என்றால், ஒரு பவுண்டு கட்டியவருக்கு நூறு பவுண்டு லாபம். அதாவது அந்தக் குதிரை வெல்லும் என்று ஏறத்தாழ எவருமே நம்பவில்லை.

இனி 1967 ஏப்ரல் 8 அன்று நடந்ததைச் சொல்லலாம். நாற்பத்துநான்கு குதிரைகள் புறப்பட்டன. அவற்றுள் ஃபொய்னவன் என்பது ஒன்றுக்கு நூறு விலைபோன குதிரை. சில வாரங்களுக்கு முன் செல்டனம் கோல்டு கோப்பையில் ஒன்றுக்கு ஐந்நூறு விலையில் ஓடிக் கடைசியாக வந்திருந்தது. ஜான் பக்கிங்ஹாம் என்ற ஜாக்கிக்கு அதன்மேல் ஏறும் வாய்ப்புக் கிடைத்ததே பந்தயத்துக்குச் சில நாள்களுக்கு முன்புதான். அதன் பயிற்சியாளர் அன்று எய்ன்ட்ரீயில் இல்லை. வூஸ்டர் என்ற வேறொரு திடலில் இன்னொரு குதிரையில் ஏறி ஓடிக்கொண்டிருந்தார். இவற்றுள் குதிரையின் மந்தத்தை மட்டும் முதலில் சொல்லுங்கள். பயிற்சியாளர் அங்கே இல்லாத செய்தியை மறைத்து வைத்திருங்கள், அதற்குரிய இடம் பின்னால் வருகிறது. ஃபொய்னவன் கூட்டத்துக்கு வெகு பின்னால் வந்துகொண்டிருந்தது என்று சொல்லிவிட்டு, உடனே அதை விட்டு விலகி முன்னால் ஓடும் குதிரைகளைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். கேட்பவர் ஃபொய்னவனைச் சற்று மறக்க வேண்டும்.

பாப்ஹம் டவுன் என்ற குதிரை முதல் தடையிலேயே தன் ஜாக்கியை இழந்துவிட்டு, முதுகு வெறுமையாகக் கூட்டத்தோடு ஓடிவந்தது. இருபத்துமூன்றாம் தடை அத்திடலிலேயே மிகத் தாழ்ந்தவற்றுள் ஒன்று. அதில் எவரும் ஆபத்தை எதிர்பார்க்கவில்லை. அதை நெருங்கியதும் பாப்ஹம் டவுன் தாண்டாமல் வேலியை ஒட்டிக் குறுக்கே ஓடத் தொடங்கியது. அடுத்தடுத்து வந்த குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன. சில திரும்பின, சில வேலியின்மேலேயே சிக்கின. ஜாக்கிகள் பலர் தரையில் கிடந்தார்கள், சிலர் தம் குதிரை எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழப்பத்தை விரைவாகச் சொல்லக் கூடாது. யார் எங்கே விழுந்தார், எந்தக் குதிரை எந்தப் பக்கம் திரும்பியது என்று நிதானமாக அடுக்க வேண்டும். ஏனென்றால் நீங்கள் அடுக்கும் அந்த நேரத்தில்தான் பின்னால் வந்துகொண்டிருக்கும் மந்தக் குதிரை அந்த இடத்தை வந்தடைய வேண்டும். பிறகு, வெளிப்பக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது என்றும் அதைக் கண்டு ஒரு குதிரை தாண்டிச் சென்றது என்றும் சொல்லி ஒரு நொடி நிறுத்துங்கள். பெயரை நீங்கள் சொல்வதற்கு முன் கேட்பவர்களில் ஒருவர் சொல்லிவிடுவார். மற்ற ஜாக்கிகள் மறுபடி ஏறித் துரத்தியும் ஃபொய்னவன் பதினைந்து குதிரை நீள இடைவெளியில் வென்றது. வூஸ்டரில் இருந்த பயிற்சியாளரைப் பற்றி இப்போது சொல்லுங்கள். கிராண்ட் நேஷனலை வென்ற தம் குதிரையைப் பார்க்க அவர் அங்கே இல்லை.

இந்தக் கதையைச் சொல்வோர் செய்யும் ஒரு பிழையைக் குறிப்பிட வேண்டும். 1984 முதல் அந்தத் தடைக்கு ஃபொய்னவன் என்றே பெயர். அந்தச் சிறப்பை முதலிலேயே சொல்லிவிட்டால் கதையின் முடிச்சு தானாக அவிழ்ந்துவிடும். முடிவு வரும்வரை அதை இருபத்துமூன்றாம் தடை என்று மட்டுமே சொல்லுங்கள்.

இதே திடலில் 1928-இல் நாற்பத்திரண்டு குதிரைகள் ஓடி, டிப்பரேரி டிம் என்ற ஒன்று மட்டும் விழாமல் வந்து வென்றது. அதற்கும் ஒன்றுக்கு நூறுதான் விலை. இரண்டு கதைகளையும் ஒரே அமர்வில் சொல்ல வேண்டாம், இரண்டாவது சப்பென்று போய்விடும்.

சில வேடிக்கைகளுக்கு ஒரே காரணம் இருக்காது. சிறு பழுதுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும். அவற்றைச் சொல்லும் முறை வேறு. 1993 ஏப்ரல் 3 அன்று நடந்த கிராண்ட் நேஷனல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புறப்படும் இடத்தில் குறுக்கே ஒரு நாடா கட்டப்பட்டிருக்கும். அது மேலெழும்போது குதிரைகள் ஓடத் தொடங்கும். தொடக்கம் பிழையானால் தொடக்க அலுவலர் தம் கொடியை அசைப்பார், அதைக் கண்டு சற்றுத் தொலைவில் நிற்கும் இன்னொருவர் தம் கொடியைக் காட்டி ஜாக்கிகளைத் திருப்பி அனுப்புவார். அன்று முதல் முறை தொடக்கம் பிழையானது. எல்லோரும் திரும்பி வந்தார்கள். இரண்டாம் முறை நாடா ஒரு ஜாக்கியின் கழுத்தில் சிக்கிக்கொண்டது. அலுவலர் கொடியை உயர்த்தினார், ஆனால் அது விரியாமல் சுருண்டே இருந்தது. தொலைவிலிருந்த கொடியின் எச்சரிக்கையும் ஜாக்கிகளை எட்டவில்லை. முப்பத்தொன்பது குதிரைகளில் முப்பது பாய்ந்து சென்றன. ஒன்பது மட்டும் நின்றன.

அன்று திடலுக்குள் போராட்டக்காரர்கள் புகுந்ததால்தான் பந்தயமே தாமதமாகத் தொடங்கியிருந்தது. ஆகவே, வழியில் அலுவலர்கள் கையசைத்துத் தடுத்தபோது, அவர்களையும் போராட்டக்காரர்கள் என்று எண்ணி ஜாக்கிகள் பலர் கடந்து சென்றார்கள். இந்தத் தொடர்பைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். அதை விட்டால் ஜாக்கிகள் அறிவற்றவர்களாகத் தோன்றுவார்கள், அது நேர்மையன்று. ஏழு குதிரைகள் முழுத் தொலைவையும் ஓடி முடித்தன. முதலில் வந்தது எஷா நெஸ். அதன்மேல் இருந்தவர் ஜான் வைட். உலகின் மிகப் பெரிய தடைத்தாண்டல் பந்தயத்தில் முதலாவதாக வந்து, அப்படியொரு பந்தயமே நடக்கவில்லை என்பதைக் கம்பத்தைக் கடந்த பிறகு அவர் அறிய நேர்ந்தது. கட்டப்பட்ட ஏழரைக் கோடி பவுண்டு பணம் திருப்பித் தரப்பட்டது. இதைச் சொல்லும்போது கொடி பிடித்தவரைக் கோமாளியாக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். பழுது ஏற்பாட்டில் இருந்தது. அதனால்தான் பிறகு ஏற்பாடே மாற்றப்பட்டு, கொடி காட்டுவோர் வானொலிக் கருவியில் தொடர்புகொள்ளும் முறை வந்தது. சிரிப்பு, சுருண்ட கொடியிலும் ஜாக்கிகளின் நியாயமான தவறான எண்ணத்திலும் இருக்கட்டும்.

முடிவைக் கடைசியில் வைப்பதே எப்போதும் சிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கர்ணன் பெற்ற சாபம் நமக்கு முன்பே தெரியும். ஆனாலும் தேர்ச்சக்கரம் மண்ணில் அழுந்தும் இடம் வரும்வரை நெஞ்சு படபடக்கிறது. அதேபோல, முன்கூட்டிச் சொல்வதால் சுவை கூடும் பந்தயக் கதை ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி டெர்பிக்கு முன், காலன்ட் மேன் என்ற குதிரையின் உரிமையாளர் ஒரு கனவு கண்டார். தம் ஜாக்கி முடிவுக் கம்பம் எதுவென்று தவறாகக் கணித்து முன்கூட்டியே எழுந்து நின்றுவிடுவதாக அந்தக் கனவு. அதை ஜாக்கியிடமே சொன்னார். ஜாக்கியோ பில் ஷூமேக்கர். அந்நாட்டின் தலைசிறந்தவர்களுள் ஒருவர். அப்படி நடக்காது என்று உறுதி சொன்னார். பந்தய நாளில், முடிவுக்கு நூறு மீட்டர் முன்னதாக நடப்பட்டிருந்த தொலைவுக் கம்பத்தை முடிவுக் கம்பம் என்று எண்ணி, சேணத்திலிருந்து எழுந்து நின்றார். உடனே தவறை உணர்ந்து அமர்ந்து விரட்டியும், அயன் லீஜ் என்ற குதிரை மூக்கு நுனி அளவில் வென்றுவிட்டது. கனவை முதலில் சொன்னால்தான் கேட்பவர் அந்தக் கம்பம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். கடைசியில் சொன்னால் அது வெறும் துணுக்காகிவிடும். ஷூமேக்கருக்குப் பதினைந்து நாள் தடை விதிக்கப்பட்டது என்பதையும், அதே குதிரையில் ஏறி அதற்கடுத்த பெல்மான்ட் பந்தயத்தை எட்டுக் குதிரை நீள இடைவெளியில் அவர் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தடுமாறிய மனிதரைத் தடுமாறிய நிலையிலேயே விட்டுவிட்டு வருவது எனக்கு உவப்பானதன்று.

நாய்ப் பந்தயக் கதைகளுக்கு வேறு முன்னுரை தேவை. கிரேஹவுண்டை நம்மவருக்கு விளக்க, ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் கூர்ந்த முகமும் கொண்ட சிப்பிப்பாறை நாயையோ கன்னி நாயையோ நினைவூட்டினால் போதும். அது மோப்பத்தால் வேட்டையாடுவதன்று, கண்ணால் கண்டு துரத்துவது. எனவே பந்தயத்தில் ஒரு செயற்கை முயல் தண்டவாளத்தில் முன்னே ஓட, எண்ணும் நிறமும் கொண்ட மேலங்கி அணிந்த நாய்கள் கூண்டுகளிலிருந்து பாய்ந்து அதைத் துரத்துகின்றன. பிரிட்டனில் இம்முறை 1926-இல் மான்செஸ்டரின் பெல் வ்யூ திடலில் தொடங்கியது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஓட்டுபவர் எவரும் இல்லாததால், நாய் தான் விரும்பியதையே செய்யும். அது பக்கத்து நாயோடு சண்டைக்குப் போகலாம், முயல் பழுதாகி நின்றால் அதைக் கவ்விக்கொண்டு மகிழலாம், திடலுக்குள் ஓர் உண்மையான முயல் வந்துவிட்டால் பந்தயத்தையே மறந்து அதன் பின்னால் போகலாம். நாயின் கண்ணில் இவற்றுள் எதுவுமே தவறில்லை என்பதுதான் இக்கதைகளின் இனிமை. சொல்பவர் நாயின் பக்கம் நின்று சொன்னால் அது தானாக வெளிப்படும்.

ஓட்டம் கெட்டுப்போனால் அதை இல்லையென்று அறிவித்து மறுபடி ஓட விடுவார்கள். இந்த விதி, மிக் த மில்லர் என்ற அயர்லாந்து நாயின் வாழ்வில் இரண்டு முறை குறுக்கிட்டது. 1929-இல் லண்டன் ஒயிட் சிட்டி திடலில் நடந்த கிரேஹவுண்டு டெர்பி இறுதியோட்டத்தில் முதலில் வந்தது பாலடைனஸ் என்ற நாய். முதல் வளைவில் நாய்கள் மோதிக்கொண்டதால் அந்த ஓட்டம் செல்லாது என்றார்கள். மறு ஓட்டத்தில் மிக் வென்றது. 1930-இலும் வென்றது. 1931 இறுதியில் மிக் மூன்றாம் முறையாக முதலில் வந்தபோது, இன்னொரு நாய் சண்டையிட்டதால் ஓட்டம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறு ஓட்டத்தில், அதற்குள் ஐந்து வயதாகிவிட்ட மிக் பின்தங்கிவிட்டது. 1929-இல் கொடுத்த விதியே 1931-இல் எடுத்துக்கொண்டது என்பதைக் கேட்பவர் தாமே கண்டுகொள்ளும்படி, இரண்டு ஆண்டுகளையும் ஒரே சொற்களால் சொல்லுங்கள். 1931-இல் வென்ற நாயின் பெயரைக் கடைசியில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். செல்டம் லெட் என்பது அதன் பெயர். முன்னிலை வகித்தது அரிது என்று பொருள்.

பெயர்களைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பந்தய நகைச்சுவையில் பாதி அங்கேதான் இருக்கிறது, தமிழில் சொல்லும்போது பெரும்பாலும் இழந்துபோவதும் அதுவே. அமெரிக்காவில் ஒரு பந்தயக் குதிரையின் பெயர் இடைவெளி உட்படப் பதினெட்டு எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. அதனால் உரிமையாளர்கள் சொற்களை ஒட்டியும் எழுத்துகளைக் குறைத்தும் முழு வாக்கியங்களையே பெயராக்கிவிடுகிறார்கள். 2010 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் மான்மத் பார்க் திடலில், 'என் மனைவிக்கு எல்லாம் தெரியும்' என்று பொருள்படும் பெயருடைய குதிரையும் 'மனைவிக்குத் தெரியாது' என்று பொருள்படும் பெயருடைய குதிரையும் ஒரே பந்தயத்தில் ஓடி, கடைசி நேரத்தில் முன்னும் பின்னுமாக வந்தன. நேர்முக வர்ணனையாளர் இரண்டு பெயர்களையும் மாறிமாறிக் கூவ வேண்டியதாயிற்று. எல்லாம் தெரிந்தவள்தான் வென்றாள். இத்தகைய இடத்தில் ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிட்டுப் பொருளை விளக்குவது பயனற்றது. தொடக்கத்திலிருந்தே தமிழாக்கிய பெயரைச் சொல்லி, நீங்களே வர்ணனையாளரின் வேகத்தில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.

மொழிபெயர்க்கவே முடியாது என்று தோன்றும் சிலேடை சில வேளைகளில் தமிழுக்குள் முழுமையாக வந்து அமர்வதும் உண்டு. ஜப்பானின் கோச்சி திடலில் ஹாரு உராரா என்ற பெண் குதிரை நூறு பந்தயங்களுக்கு மேல் ஓடி ஒன்றில்கூட வெல்லவில்லை. மொத்தம் 113 தோல்விகள். 2004 மார்ச் 22 அன்று அந்நாட்டின் புகழ்பெற்ற ஜாக்கியான யுடகா டகே அதன்மேல் ஏறியும், பதினோரு குதிரைகளில் பத்தாவதாகவே வந்தது. மக்கள் அதன்மேல் கட்டிய சீட்டுகளைப் பணத்துக்காக வாங்கவில்லை. சாலை விபத்திலிருந்து காக்கும் தாயத்தாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். பரிசு கிட்டுவதற்கும் வண்டி மோதுவதற்கும் ஜப்பானிய மொழியில் ஒரே வினைச்சொல் என்பதே காரணம். நம் பேச்சிலும் லாட்டரி அடிக்கிறது, லாரியும் அடிக்கிறது. ஆகவே 'அடிக்காத சீட்டு' என்று சொன்னால் போதும், விளக்கம் தேவைப்படாது. இந்தப் பொருத்தத்தைக் கண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எதைச் சொல்லக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். 1923-இல் நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் ஃப்ராங்க் ஹேஸ் என்பவர் ஓட்டத்தின்போதே உயிரிழக்க, அவரைச் சுமந்தபடியே குதிரை முதலாவதாக வந்தது. இதை விசித்திரம் என்று சிரிப்புத் துணுக்குகளோடு சேர்ப்போர் இருக்கிறார்கள். அது ஒரு மனிதரின் மரணம். அந்த வரிசையில் அதற்கு இடமில்லை. தடைத்தாண்டல் பந்தயங்களில் குதிரைகள் கால் முறிந்து இறப்பதும் உண்டு என்பதால், ஒரு வீழ்ச்சியை வேடிக்கையாகச் சொல்லும் முன் அந்தக் குதிரைக்கு என்ன ஆயிற்று என்பதை அறிந்துகொள்ளுங்கள். 1956 கிராண்ட் நேஷனலில், அரசி எலிசபெத்தின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லாக், எல்லாத் தடைகளையும் தாண்டி வெற்றிக்கு ஐம்பது கெஜத் தொலைவில் முன்னிலையில் வந்தபோது, தரையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் துள்ளி வயிறு படிய விழுந்தது. குதிரைக்குக் காயமில்லை. ஏன் விழுந்தது என்பதற்கு இன்றுவரை ஒத்த கருத்தில்லை. அதைச் சிரிப்புக்காகச் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி வியப்பாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஏமாற்று வேலையையும் தடுமாற்றத்தையும் கலக்கக் கூடாது. 1990 ஜனவரியில் லூசியானாவின் டெல்டா டவுன்ஸ் திடலில் அடர்ந்த மூடுபனி சூழ்ந்திருந்தபோது, ஒரு ஜாக்கி தொடக்கத்திலேயே கூட்டத்திலிருந்து விலகி மறைந்து நின்று, மற்றவர்கள் சுற்றி வரும்போது முன்னால் சேர்ந்துகொண்டு இருபத்துநான்கு குதிரை நீள இடைவெளியில் 'வென்றார்'. அந்த இடைவெளியே அவரைக் காட்டிக்கொடுத்தது. கேட்கச் சுவையான கதைதான். ஆயினும் அதில் பணம் இழக்கவிருந்தவர்கள் இருந்தார்கள் என்பதால், பாவம் தவறிவிட்டார் என்ற தொனியில் அதைச் சொல்ல முடியாது.

கதை முடிந்த பிறகு கேட்பவர்கள் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்பார்கள். விடைகளை முன்பே வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, பணம் யாருக்குப் போயிற்று என்பது. 2017-இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் திடலில், இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயத்தில், ஒரே லாயத்துக் குதிரைகள் மாறிப்போனதால் மூன்று வயதுக் குதிரை ஒன்று தவறுதலாக ஓடி வென்றது. ஓட்டத்துக்குப் பின் கழுத்தில் பொருத்தியிருந்த அடையாள மின்சில்லைச் சோதித்தபோதுதான் அது வேறு குதிரை என்று தெரிந்தது. ஆனால் ஜாக்கிகளின் எடை சரிபார்க்கப்பட்டு முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டதால், கட்டிய பணத்தைப் பொறுத்தவரை அந்த முடிவே நின்றது. ஃபொய்னவன் கதையில் இன்னும் வியப்பான விடை இருக்கிறது. புக்கிகளிடம் ஒன்றுக்கு நூறு பெற்றவர்கள் பேறுபெற்றவர்கள் என்று நினைப்போம். கட்டிய பணத்தைப் பொதுவில் சேர்த்து வென்றவர்களுக்குப் பங்கிடும் டோட் முறையில், ஒன்றுக்கு 444 கிடைத்தது. அவ்வளவு சிலர்தான் அதன்மேல் கட்டியிருந்தார்கள்.

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் குழந்தைகள் கேட்பார்கள்: அந்தக் குதிரை வீட்டுக்குப் போய் என்ன செய்தது? ஃபொய்னவனுக்கு லாயத்தில் துணையாக ஒரு வெள்ளாடு இருந்தது என்று சொல்லுங்கள். அதன் பெயர் சூசி.